மதுரையிலிருந்து மீனம்பாக்கம்: தூரமும் நேரமும் புகையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "பத்துப் பதினைந்து நிமிஷம் பேசு. வேலை வாய்ப்பு, தன்னம்பிக்கை இதெல்லாம் வேறு ஆள் பேசுறாங்க. நீ எஞ்சினியர். மாணவர்களுக்கும் நமக்கும் சேர்த்து உபயோகமா ஏதாவது சொல்லு" என்றார். இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் பாதிப் பேர் சென்னையிலிருந்து வந்திருக்கிறோம். சிலர் ரயிலில், சிலர் பஸ்ஸில், சிலர் காரில், சிலர் மதுரை வரை விமானத்தில். ஆகவே நாம் வந்த வழியைப் பற்றியே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மதுரைக்கும் சென்னைக்கும் ஆகாயத்தில் எவ்வளவு தூரம், உண்மையில் எவ்வளவு நேரம், ஆளுக்கு எவ்வளவு புகை என்பதுதான் கணக்கு.

முதலில் தூரம். இதற்கு எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டாம், பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். மதுரை விமான நிலையம் சுமார் 9.83 பாகை வட அட்சரேகை, 78.09 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. மீனம்பாக்கம் சுமார் 12.98 பாகை வடக்கு, 80.16 பாகை கிழக்கு. வடக்கு தெற்காக வித்தியாசம் 3.15 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வைத்தால் 350 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக வித்தியாசம் 2.07 பாகை. நம் அட்சரேகையில் ஒரு பாகைக்கு 109 கிலோமீட்டர். ஆக 226. இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களாக வைத்து பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் கர்ணம் ஏறத்தாழ 416 கிலோமீட்டர் வரும். பூமி உருண்டைதான், ஆனால் இவ்வளவு குறைந்த தூரத்துக்கு அந்த வளைவு பெரிய வித்தியாசம் செய்வதில்லை.

இதே கணக்கைக் கொழும்புக்குப் போட்டுப் பாருங்கள். மதுரையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 355 கிலோமீட்டர்தான் வரும். அதாவது ஆகாய வழியில் நமக்குச் சென்னையை விடக் கொழும்பு பக்கம்! 2012-இல் மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியபோது அது கொழும்புக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை.

தரை வழியில் தூரம் கூடும். மதுரையிலிருந்து எழும்பூருக்கு ரயில் பாதை சுமார் 493 கிலோமீட்டர். நம் விருதுநகரிலிருந்து இன்னும் 43 சேர்த்து 536. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல். அன்று முதல் நம் ஊர்ச் சரக்கும் நம் ஊர் ஆட்களும் இந்தத் தண்டவாளத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

அடுத்து நேரம். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். "விமானத்துல ஒரு மணி நேரம், ரயில்ல ஏழு மணி நேரம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இது விருதுநகர் வியாபாரிக்கு அடுக்காத பேச்சு. மிளகாய் வத்தலோ உளுந்தோ வாங்கும்போது நம் பெரியவர்கள் சரக்கு விலையை மட்டுமா பார்த்தார்கள்? ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, வண்டிச்சத்தம், கழிவு எல்லாம் சேர்த்துத்தானே அடக்க விலை போட்டார்கள்? பயணத்துக்கும் அடக்க விலை இருக்கிறது.

விருதுநகரில் வீட்டை விட்டுக் கிளம்பி மதுரை விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரம் வைப்போம். தூரம் சுமார் 40 கிலோமீட்டர். சிவகாசிக்காரர்களுக்கு இன்னும் 25 கிலோமீட்டர் கூட. புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் அங்கே நிற்க வேண்டும். கால அட்டவணைப்படி பயணம் சுமார் ஒன்றேகால், ஒன்றரை மணி. இதில் ஆகாயத்தில் நேராக ஓடுவது முக்கால் மணியோ ஐம்பது நிமிஷமோதான். மற்றதெல்லாம் ஓடுபாதைக்கு நகர்வது, ஏறுவது, சென்னைக்கு மேலே வரிசையில் காத்திருந்து இறங்குவது. இறங்கிய பின் பெட்டிக்கு அரை மணி, ஊருக்குள் போக முக்கால் மணி. கூட்டிப் பாருங்கள், ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது.

இப்போது ரயில். 1977 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வைகை எக்ஸ்பிரஸ் தொடங்கியபோது அது மீட்டர் கேஜ் வண்டி. மீட்டர் கேஜிலேயே மதுரையிலிருந்து சென்னைக்கு ஏழு மணி நேரம் சொச்சத்தில் போனது அந்தக் காலத்தில் பெரிய சாதனை. 2019 மார்ச்சில் தேஜஸ் வந்தது, மதுரை சென்னை ஆறரை மணி. 2023 செப்டம்பர் 24-ஆம் தேதி திருநெல்வேலி சென்னை வந்தே பாரத் தொடங்கி வைக்கப்பட்டது. அது விருதுநகரில் நிற்கிறது. இங்கே ஏறினால் ஏழு மணி நேரத்துக்குள் எழும்பூர். வீட்டிலிருந்து ஸ்டேஷன் போக அரை மணி, எழும்பூரிலிருந்து போக வேண்டிய இடத்துக்கு அரை மணி. மொத்தம் ஏழரை, ஏழே முக்கால் மணி.

ஆக, விமானம் மிச்சப்படுத்துவது ஆறு மணி நேரம் அல்ல, இரண்டரை மணி நேரம். அந்த ஐந்து மணி நேரமும் பெல்ட்டைக் கழற்றி, பையைத் திறந்து, வரிசையில் நின்று, துண்டு துண்டாகப் போகிற நேரம். ரயிலில் ஏழு மணி நேரமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்கலாம், வேலை பார்க்கலாம், தூங்கலாம். இரவு வண்டி என்றால் கணக்கே மாறிவிடும். முத்துநகரிலோ, சிவகாசி வழியாக வரும் பொதிகையிலோ ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. எப்படியும் தூங்கப் போகிற நேரம்தானே? பகல் பொழுது ஒரு மணி நேரம்கூடச் செலவாகவில்லை.

இனிப் புகைக் கணக்கு. தம்பி தங்கைகள் கொஞ்சம் கவனிக்கணும், இது உங்கள் வேதியியல் பாடத்தில் இருப்பதுதான்.

விமான எரிபொருள் என்பது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய், அவ்வளவுதான். ஒரு கிலோ எரித்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும். "ஒரு கிலோவுக்கு மூணு கிலோ எப்படி சார்?" என்று கேட்பீர்கள். எண்ணெயில் உள்ளது கரி. எரியும்போது ஒவ்வொரு கரி அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கரியின் அணு எடை 12, வாயுவாக ஆனபின் 44. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்தது. பட்டாசில் இது வேறு மாதிரி. அங்கே ஆக்சிஜனை வெடியுப்பாக உள்ளேயே வைத்துக் கட்டிவிடுகிறோம். அதனால்தான் திரி உள்ளே போனதும் காற்றுக்குக் காத்திராமல் வெடிக்கிறது. சிவகாசிப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

குறைந்த தூரத்துக்கு ஓடும் விமானங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி வைத்த விமானம். 70 முதல் 78 இருக்கை. இன்னொன்று ஏர்பஸ் ஏ 320 போன்ற ஜெட். 180 இருக்கைக்கு மேல். மதுரை சென்னை தூரத்துக்கு ஏ.டி.ஆர். தோராயமாக 650 முதல் 700 கிலோ எண்ணெய் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஜெட் சுமார் 2,000 கிலோ. நூற்றுக்கு எண்பது இருக்கை நிரம்பியிருந்தால், ஏ.டி.ஆரில் ஆளுக்கு 35 கிலோ கரியமில வாயு, ஜெட்டில் 42 கிலோ. காற்றின் திசை, விமானத்தின் வயது, ஏறியிருக்கும் ஆட்கள் இவற்றைப் பொறுத்து முன்னே பின்னே மாறும். 35 முதல் 45 கிலோ என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஏன் குறைந்த தூரத்துக்கு இவ்வளவு? பத்து மாடிக்குப் படியேறிப் போய், மேலே நாலு எட்டு நடந்து, உடனே இறங்கி வருவது மாதிரி. பல டன் எடையை ஆகாயத்துக்கு ஏற்றுவதில்தான் எண்ணெய் போகிறது. ஏறி முடித்துச் சமமாகப் பறக்கும் நேரம் இந்த மார்க்கத்தில் கொஞ்சம்தான். தூரம் கூடினால் அந்த ஏற்றச் செலவு பல கிலோமீட்டர்களில் பங்கு பிரிந்து, கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறையும்.

ரயிலுக்கு வருவோம். மின்சார ரயில் புகை விடுவதில்லை என்று சொல்வது பாதி உண்மை. அந்த மின்சாரத்தில் பெரும் பகுதி நிலக்கரியில்தான் வருகிறது. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வருகிறது. அதையும் சேர்த்தே கணக்கிட்டாலும், நிரம்பிப் போகும் ரயிலில் ஒரு ஆளை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 10 முதல் 20 கிராம்தான். 536 கிலோமீட்டருக்கு ஆளுக்கு 5 முதல் 10 கிலோ. தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு, யாரையும் ஆகாயத்துக்குத் தூக்க வேண்டிய வேலையும் இல்லை.

பஸ்ஸும் மோசமில்லை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடும் பஸ், நாற்பது பேருடன் 510 கிலோமீட்டர் போனால் 128 லிட்டர் டீசல். லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் ஆளுக்கு 9 கிலோவுக்குள். கார்தான் விஷயம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காரில் ஒற்றை ஆளாகச் சென்னைக்குப் போனால் 34 லிட்டர், 78 கிலோ கரியமில வாயு. விமானத்தை விட அதிகம்! நாலு பேராகப் போனால் ஆளுக்கு 20. "நான் ஃபிளைட்ல போறதில்ல, எப்பவும் கார்தான்" என்று பெருமையாகச் சொல்லும் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். பக்கத்து சீட்டில் யாரையாவது ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு கணக்கு. விருதுநகரிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு டாக்சியில் தனியாகப் போனால் 40 கிலோமீட்டர், 7 கிலோ கரியமில வாயு. டாக்சி காலியாகத் திரும்பினால் 14. விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே, ரயிலில் சென்னை போய்ச் சேர்கிறவன் விடும் அளவை நாம் விட்டுத் தீர்த்துவிட்டோம். வண்டிச்சத்தம் சரக்கு விலையைத் தாண்டிய கதை இது.

இந்த எண்களுக்கு ஒரு அளவுகோல் வேண்டும். ஒரு இந்தியர் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். நாளைக்கு ஐந்தரைக் கிலோ. விமானத்தில் சென்னை போய்த் திரும்பினால் 80 கிலோ. அதாவது ஒரு சராசரி இந்தியரின் இரண்டு வாரச் செலவு, இரண்டு வேளைப் பயணத்தில்.

இந்த இடத்தில் நம் பகுதிக்காரர்கள் ஒன்று கேட்பார்கள். "தீபாவளி ஒரு நாள் வெடிக்கிறதுக்கு எங்களைக் குத்தம் சொல்றாங்களே, தினம் பறக்கிற விமானத்தை யாரும் கேக்கலையே?" நியாயமான ஆதங்கம்தான். நான் கணக்கும் போட்டுப் பார்த்தேன். கருமருந்தில் நூற்றுக்கு 15 பங்குதான் கரி. ஒரு கிலோ கருமருந்து முழுக்க எரிந்தாலும் அதிகபட்சம் அரைக் கிலோ கரியமில வாயுதான் வரும். ஒரு விமான இருக்கையின் 40 கிலோவுக்கு 80 கிலோ கருமருந்து கொளுத்த வேண்டும். ஆனால் இதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பட்டாசின் பிரச்சினை கரியமில வாயு அல்ல. நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, உலோக உப்புகள். இவை அதே தெருவில், அதே இரவில், மூச்சுத் திணறலுள்ள குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறவை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்ததும், பசுமைப் பட்டாசு என்ற பேச்சு வந்ததும் அதனால்தான். விமானத்தின் கரியமில வாயு யாருடைய கண்ணையும் கரிக்காது. ஆனால் அதில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கிப் பூமியைச் சூடாக்கும். ஒன்று உடனடிக் கடன், மற்றது பேரன் பேத்தி அடைக்க வேண்டிய கடன். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, "அவன் செய்யலையா" என்று பேசுவதால் எந்தக் கடனும் அடையாது.

நான் விமானமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் ஒரு துக்கம், ஆஸ்பத்திரியில் ஒருவர், இந்த மாதிரி நேரத்தில் இரண்டரை மணி நேரம் பெரிய விஷயம். யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது. டில்லிக்கு ரயிலில் போனால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். துபாயில் வேலை பார்க்கும் நம் நண்பர்களுக்கு மதுரையிலிருந்து நேர்கோட்டில் 2,950 கிலோமீட்டர், நடுவில் கடல். அவர்கள் என்ன செய்ய முடியும்? வேறு நல்ல வழி இருக்கும் இடத்தில் அதைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. பிரான்ஸ் நாட்டில் இதைச் சட்டமாகவே செய்தார்கள். ரயிலில் இரண்டரை மணிக்குள் போகக்கூடிய உள்நாட்டு மார்க்கங்களில் விமானத்தை நிறுத்தும் விதி 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மூன்று மார்க்கங்கள்தான் அதில் அடங்கின. நம் ரயில் வேகத்துக்கு அப்படிச் சட்டம் போட முடியாது, போடவும் வேண்டாம்.

"நான் ஏறாவிட்டாலும் விமானம் போகத்தானே போகுது?" என்று ஒரு நண்பர் கேட்டார். இன்றைய விமானம் போகும். ஆனால் அடுத்த கால அட்டவணையில் நாளைக்கு எத்தனை தடவை விடுவது என்பதைக் கம்பெனிக்காரர்கள் நிரம்பிய இருக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ரயிலுக்கும் அதே கதைதான். கேட்கிற கூட்டம் இருந்தால்தான் பெட்டி கூடும்.

எதிர்காலத்தைப் பார்த்தாலும் ரயிலுக்கு ஒரு வசதி இருக்கிறது. கயத்தாறு பக்கம் காற்றாடி சுற்றுவதைப் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்து மாவட்டத்தில் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. மின்தொகுப்பு சுத்தமாக ஆக, அதே ரயில், அதே தண்டவாளம், ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் சுத்தமாகும். விமானத்துக்கு அது அவ்வளவு லேசல்ல. 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டில்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெய் கலந்து ஒரு விமானம் ஓட்டிக் காட்டினார்கள். முடியும் என்பது தெரிந்தது. ஆனால் விலையும் அளவும் இன்னும் கட்டுப்படியாகவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளில் யாராவது அதைக் கட்டுப்படியாக்கினால், அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு நான் முதல் ஆளாக விமானத்தில் வருவேன்.

நிறைவாகச் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, நம்மில் பலர் ஆசைப்பட்டு விமானத்தில் வரவில்லை. ரயிலில் டிக்கெட் கிடைக்காமல்தான் வந்தோம். கூட்டத் தேதி மூன்று வாரத்துக்கு முன்னால்தான் தெரிகிறது. 2024 நவம்பர் 1 முதல் ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. கூட்டத் தேதியை மூன்று மாதம் முன்னதாக அறிவித்தால், முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே நாற்பது பேர் ஒன்றாகப் போட்டுவிடலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஒரு தபால் போதும்.

இரண்டாவது, வெளிநாட்டிலிருந்தும் தூரத்திலிருந்தும் விமானத்தில் வருகிறவர்கள் வரும் நேரத்தைச் சங்கத்தில் சொல்லி வைத்தால், மதுரையிலிருந்து ஒரே வேனில் வரலாம். ஆளுக்கு ஒரு டாக்சி வேண்டாம்.

மூன்றாவது, விமானத்துக்கும் ரயிலுக்கும் உள்ள கட்டண வித்தியாசத்தை, ரயிலுக்கு மாறுகிறவர்கள் விருப்பப்பட்டால் சங்கத்தில் கொடுக்கட்டும். நம் கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கும் பிள்ளைகளில் பலர் சென்னையில் நேர்முகத் தேர்வு என்றால் டிக்கெட்டுக்குப் பணம் புரட்டி, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு போய், தூக்கக் கலக்கத்தோடு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஒரு அண்ணன் விமானத்தை விட்டு ரயிலில் வந்தால், இரண்டு தம்பிகளோ தங்கைகளோ படுத்துத் தூங்கிப் போகலாம். கரியமில வாயு குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. இது தெரியும்.

முதல் தவணையாக என் பங்கை மேடைக்கு வருமுன் பொருளாளர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ரசீதும் வாங்கிவிட்டேன், விருதுநகர்க்காரன் அல்லவா!